முதலில் வந்து சேரும் செடி

கொல்லிமலைக்குப் போய் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு பெரணியை, அதாவது ஃபெர்ன் செடியை, தெரியும். அது பெரணி என்பதுதான் தெரியாது. சாலையோரத்தில் சாக்கை விரித்து, ஆட்டுக்கால் போலவே பழுப்பு ரோமம் மூடிய ஒன்றைக் கூறு கட்டி வைத்திருப்பார்கள். முடவாட்டுக்கால். பக்கத்திலேயே அதைத் தோல் சீவி, இஞ்சி, பூண்டு, மிளகு, சீரகம் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்த சூப்பும் கிடைக்கும். சாரலில் நின்று குடித்தால் ஆட்டுக்கால் சூப் மாதிரிதான் இருக்கிறது. அந்தப் பெருமையில் பாதி மிளகுக்கும் குளிருக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது என் கணக்கு. மூட்டு வலிக்கு அது செய்யும் அற்புதங்களைப் பற்றி விற்கிறவர்கள் சொல்வதை இங்கே எழுதப் போவதில்லை. ஆய்வக எலிகளிடம் செய்த சோதனைகள் சில உண்டு. அங்கிருந்து மனிதர்களின் முழங்காலுக்கு வந்து சேர இன்னும் தூரம் இருக்கிறது.

எனக்கு அதில் ஆர்வம் வேறு. கிழங்கு என்று விற்றாலும் அதை யாரும் மண்ணைத் தோண்டி எடுப்பதில்லை. பாறைமேலும் மரத்திலும் ஒட்டிப் படரும் தண்டு அது. அறிவியல் பெயர் டிரைனேரியா குவெர்சிஃபோலியா. இந்தச் செடிக்கு இரண்டு வகை இலைகள். ஒன்று வழக்கமான பச்சை இலை, நீளமாக, ஆழமாகப் பிளவுபட்டு நிற்கும். இன்னொன்று தண்டை அணைத்தபடி கிண்ணம் போலக் குவிந்திருக்கும் சிறிய இலை. அது சீக்கிரமே காய்ந்து பழுப்பாகிவிடும், ஆனால் உதிராது. மேலே இருந்து விழும் சருகு, தூசி, பறவை எச்சம் எல்லாம் அதற்குள் சேர்ந்து மட்கும். மழை பெய்தால் ஈரம் அங்கேயே தங்கும். அந்த மட்குக்குள் பெரணி தன் வேர்களை விடும். மண்ணே இல்லாத பாறையில் தனக்கு வேண்டிய மண்ணைத் தானே சேர்த்துக்கொள்கிற செடி. தண்டை வளர்நுனியோடு சேர்த்துச் சீவி எடுத்துவிட்டால் கதை முடிந்தது. அந்தச் செடியும் இல்லை, அது பல வருஷமாகச் சேர்த்த மண்ணும் இல்லை.

சரி, ஒரு பாறையில் இரண்டு கைப்பிடி மட்கு சேர்ந்தால் யாருக்கு என்ன? இந்தக் கேள்வியை உண்மையாகவே எடுத்துக்கொண்டு அளந்து பார்த்தவர்கள் போர்னியோ காட்டில் இருந்தார்கள். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மார்ட்டின் எல்வுட், வில்லியம் ஃபாஸ்டர் இருவரும் சபா மாநிலத்தின் டானும் பள்ளத்தாக்கில், மர உச்சிகளில் வளரும் பறவைக்கூட்டுப் பெரணிகளை அப்படியே கீழே இறக்கி, உள்ளே இருந்த சிற்றுயிர்களை எல்லாம் எடுத்து எடை போட்டார்கள். நம் ஊர் நர்சரிகளில் தொட்டியில் விற்கிற அதே செடிதான், அஸ்பிளீனியம் நைடஸ். ஆனால் அங்கே ஒரு பெரிய செடி ஈரத்தோடு 200 கிலோ வரை இருக்கும். ஒரே ஒரு பெரணிக்குள் வாழும் எறும்பு, கரையான், பூரான், வண்டு எல்லாவற்றின் எடையும், அந்த மரத்தின் உச்சி முழுவதிலும் உள்ள மற்றச் சிற்றுயிர்களின் எடைக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருக்க முடியும் என்று கண்டார்கள். 2004இல் நேச்சர் இதழில் வந்த அந்தக் கட்டுரையின் முடிவு, மழைக்காட்டு மர உச்சியில் வாழும் உயிர்களின் எடையைப் பற்றி அதுவரை போட்ட கணக்கை இரட்டிப்பாக்க வேண்டும் என்பது. அதற்கு முன்பு மருந்துப் புகையடித்து, கீழே விழுகிற பூச்சிகளை எண்ணித்தான் கணக்குப் போட்டார்கள். பெரணிக்குள் பத்திரமாக இருந்தவை விழவே இல்லை போலிருக்கிறது.

பிலிப்பைன்ஸில் செய்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. வெயில் உச்சத்தில் மரத்தின் மேல் காற்று கொதிக்கும்போதும் இந்தப் பெரணிகளின் உட்புறம் குளிர்ச்சியாக இருக்கிறது. தவளைகள் அங்கே போய் ஒதுங்குகின்றன.

இப்படி ஒரு செடி பாறைக்கும் மர உச்சிக்கும் எப்படிப் போய்ச் சேருகிறது? இங்கேதான் பெரணிகளின் நிஜமான சாமர்த்தியம் இருக்கிறது. பூ கிடையாது, விதை கிடையாது. இலையின் அடிப்புறத்தில் பழுப்புப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். அதைப் பூச்சி முட்டை என்று நினைத்து மருந்தடித்தவர்களை எனக்குத் தெரியும். அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் நுண்ணிய பைகளின் கூட்டம். பையைச் சுற்றி முதுகெலும்பு போலச் செல்களின் வளையம் ஒன்று ஓடுகிறது. காற்று உலர உலர அந்தச் செல்களில் உள்ள நீர் ஆவியாகி, வளையம் பின்னோக்கி வளைந்து, பை வாயைத் திறக்கும். இழுவிசை ஒரு கட்டத்தைத் தாண்டியதும் செல்களுக்குள் குமிழிகள் வெடித்து, வளையம் சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்பும். அந்த வீச்சில் பைக்குள் இருக்கும் ஸ்போர்கள், அதாவது விதைக்குப் பதிலாகப் பெரணி பரப்பும் நுண்துகள்கள், வினாடிக்கு 10 மீட்டர் அளவு வேகத்தில் வீசப்படுகின்றன. 2012இல் அதிவேகக் கேமராவால் இதைப் படம் பிடித்து சயின்ஸ் இதழில் விளக்கினார்கள். அதன்பிறகு காற்றின் பாடு.

வீட்டிலேயே பார்க்கலாம். முற்றிய இலை ஒன்றை வெள்ளைத்தாளில் கவிழ்த்து ஓர் இரவு வைத்தால் காலையில் தாளில் பழுப்புத் தூள் இருக்கும். செங்கல் துண்டு ஒன்றைக் கொதிநீரில் போட்டு எடுத்து, ஆறிய பிறகு அந்தத் தூளைத் தூவி, அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்ட கண்ணாடிப் பாட்டிலில் மூடி வைக்க வேண்டும். சில வாரத்தில் செங்கல்மேல் பச்சைப் பூச்சு படரும். பிறகு அது நகத்தைவிடச் சிறிய இதய வடிவத் தகடுகளாகப் பிரியும். தாவரவியலில் இதற்குப் புரோதாலஸ் என்று பெயர். இது பெரணியின் குட்டி இல்லை, பெரணியின் இன்னொரு வாழ்க்கை. விந்தும் முட்டையும் இந்தத் தகட்டில்தான் உருவாகின்றன. ஈரத்தில் விந்து நீந்திப் போய் முட்டையோடு சேர்ந்த பிறகுதான் நாம் பெரணி என்று அறிந்த செடி எழும். எங்கள் வீட்டில் சமையலறை ஜன்னலில் இந்தப் பாட்டில் இருந்த காலமெல்லாம் "பாசி பிடித்ததை ஏன் கழுவாமல் வைத்திருக்கிறாய்" என்ற கேள்வி ஓயவில்லை.

இதில் முக்கியமான விஷயம், பல பெரணி இனங்களில் ஒரே தகட்டில் உருவாகும் விந்தும் முட்டையும் தங்களுக்குள்ளேயே சேர முடியும். அதாவது ஒரே ஒரு ஸ்போர் போதும், ஒரு புதிய இடத்தில் குடியேற. ஜோடி தேவையில்லை, தேனீ தேவையில்லை, பழம் தின்னும் பறவை தேவையில்லை.

1883 ஆகஸ்டில் கிரகடோவா எரிமலை வெடித்தது. மிஞ்சிய தீவுத்துண்டின் மேல் சூடான சாம்பல் பல மீட்டர் கனத்துக்கு மூடிக்கிடந்தது. ஜாவா, சுமத்ரா கரைகள் சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. போகோர் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர் மெல்கியோர் ட்ரோய்ப் 1886 ஜூனில் அங்கே போய் இறங்கினார். கடற்கரையில் அலை கொண்டுவந்து போட்ட விதைகள் முளைத்திருந்தன, அதில் ஆச்சரியமில்லை. உள்ளே, சாம்பல் சரிவுகளில், ஆதிக்கம் முழுக்கப் பெரணிகளுடையது. 11 இனங்கள். சாம்பலின் மேல் நீலப்பச்சைப் பாசியின் மெல்லிய படலம் பரவியிருந்ததையும், அதுதான் ஸ்போர்கள் முளைக்க ஈரம் தந்தது என்பதையும் அவர் குறித்துவைத்தார். மூன்றே வருஷம்.

இதே காட்சியை உலக அளவில் நினைத்துப் பாருங்கள். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதி டைனோசர்கள் அழிந்தபோது படிந்த, இரிடியம் என்ற உலோகம் மிகுந்த மெல்லிய அடுக்கு, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ, கொலராடோ பகுதிப் பாறைகளில் தெளிவாக இருக்கிறது. 1981இலும் அதை ஒட்டிய ஆண்டுகளிலும் அந்தப் பாறைகளைக் கரைத்து மகரந்தத்தையும் ஸ்போர்களையும் எண்ணினார்கள். அந்த அடுக்குக்குக் கீழே பூக்கும் தாவரங்களின் மகரந்தம் மிகுதி. அடுக்குக்கு நேர் மேலே, ஒரு சில சென்டிமீட்டருக்குள், 70 சதவீதத்துக்கு மேல் பெரணி ஸ்போர்கள். இன்னும் கொஞ்சம் மேலே போனால் பூக்கும் தாவரங்கள் மெல்லத் திரும்பி வருகின்றன. பிறகு நியூசிலாந்துப் பாறைகளிலும் இதே போன்ற எழுச்சி கிடைத்தது. பூமியின் இரு கோடிகளில், எரிந்துபோன நிலத்தை முதலில் மூடியவை பெரணிகள்.

இதுவரை ஆராய்ச்சியாளர்களிடையே பெரிய சண்டை இல்லை. சண்டை அடுத்த கேள்வியில். பெரணிகள் முதலில் வந்தன, சரி. வந்து, பிறகு வரப்போகிறவர்களுக்கு ஏதாவது செய்தனவா? அல்லது காலி இடம் கிடைத்தது, உட்கார்ந்தன, அவ்வளவுதானா? 2024இல் பயோசயன்ஸ் இதழில் ஒரு குழு, பெரணிகளை வெறும் சந்தர்ப்பவாதிகளாகப் பார்ப்பது தவறு, அவை மண்ணைப் பிடித்து நிறுத்தி, நிழலும் ஈரமும் தந்து, மற்றத் தாவரங்கள் திரும்பி வர வழி செய்கின்றன என்று வாதாடியது. எனக்கு அந்த வாதம் பிடித்திருந்தது. பிடித்திருப்பதாலேயே கொஞ்சம் சந்தேகமும் வந்தது. ஏனென்றால் இலங்கையில் கெகில்ல இருக்கிறது.

கெகில்ல என்பது சிங்களப் பெயர். டிக்ரனாப்டெரிஸ் லீனியாரிஸ். வால்பாறை, கோத்தகிரி போகும் பாதைகளில், சாலைக்காக மலையை வெட்டிய செம்மண் சரிவுகளில் இதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். காம்பு இரண்டாகக் கவைத்து, ஒவ்வொரு கவையும் மறுபடி இரண்டாகக் கவைத்து, மேலே மேலே ஏறிக்கொண்டே போகும். ஓர் இலை நுனி வளர்ச்சியை நிறுத்துவதே இல்லை. காய்ந்த இலைகளும் விழுவதில்லை. அவற்றின் மேலேயே புது இலைகள் ஏறிப் படுத்து, ஆள் உயரத்துக்குப் பின்னிக்கொண்டு புதராகிவிடும். மண்சரிவைப் பிடித்து நிறுத்தத் தோதான செடி. சிங்கராஜா மழைக்காட்டின் ஓரங்களில், சேனைப் பயிர்ச்செய்கைக்காக (காட்டை எரித்து, இடம் மாற்றி மாற்றிச் செய்யும் விவசாயம்) எரித்துப் பின் கைவிட்ட நிலங்களில், இது கம்பளம் விரித்தது போலப் பரவிக் கிடக்கிறது. பக்கத்திலேயே காடு இருக்கிறது. விதைகள் வந்து விழுகின்றன. ஆனால் அடியில் வெளிச்சமில்லை, விதை மண்ணைத் தொடுவதே சிரமம், மீறி முளைத்தாலும் அடுத்த கோடையில் காய்ந்த பெரணி தீப்பற்றினால் நாற்றுகள் கருகிவிடும். பெரணி மட்டும் அடித்தண்டிலிருந்து மறுபடி துளிர்க்கும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள்; இந்த விருந்தாளி வீட்டையே எழுதி வாங்கிக்கொண்டது.

சிங்கராஜா ஓரத்தில் செய்த பரிசோதனை ஒன்று 1995இல் வெளியானது. சில இடங்களில் பெரணியை வெட்டினார்கள், சிலவற்றில் வேரோடு பிடுங்கினார்கள், சிலவற்றில் மண்ணையும் கிளறிவிட்டார்கள், சில இடங்களைத் தொடாமல் விட்டார்கள். பெரணியை அகற்றிய இடங்களில் யாரும் நடாமலே மர நாற்றுகள் எழுந்தன. தொடாத இடங்களில் மிகச் சொற்பம். அதாவது காடு திரும்புவதற்குக் குறுக்கே நின்றது அந்தப் பெரணிதான்.

ஆனால் அதே இனத்தை ஹவாயில் கேட்டால் கதை மாறும். அங்கே அதற்கு உலுஹே என்று பெயர். எரிமலைக் குழம்பு ஆறிய நிலத்தில் அந்த மண்ணுக்கே உரிய முன்னோடி அது. வெளியிலிருந்து வந்த களைகள் நுழைய முடியாதபடி அடைத்துக்கொண்டு நிற்பதால் காட்டுப் பாதுகாப்பாளர்கள் பலர் அதை விரும்புகிறார்கள். சிங்கராஜாவில் குறையாகத் தெரிந்த அதே அடர்த்தி இங்கே நிறை. ஆகவே "பெரணிகளின் சூழலியல் மதிப்பு என்ன" என்று யாராவது பொதுவாகக் கேட்டால், எந்தப் பெரணி, எந்தச் சரிவு, பக்கத்தில் காடு இருக்கிறதா, தீ வருமா என்று நான்கு கேள்வி திருப்பிக் கேட்பதுதான் நியாயம் என்று நினைக்கிறேன். 2024 கட்டுரையின் வாதம் சாம்பல் மேட்டுக்குப் பொருந்தலாம், சேனை நிலத்துக்குப் பொருந்தாது. பிராக்கன் என்ற இன்னொரு பெரணி இதைவிட மோசம். தீக்குப் பின் மலைப் புல்வெளிகளில் புகுந்துவிடும். அதை மேய்ந்த மாடுகளுக்குச் சிறுநீரில் ரத்தம் போகும் நோய் இமயமலை முதல் நீலகிரி வரை பதிவாகியிருக்கிறது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பெரணிக்கு வருகிறேன். பழைய கிணற்றுச் சுவரில், சுண்ணாம்புக் காரை உதிர்ந்த செங்கல் இடுக்கில், கோயில் குளத்துப் படிக்கட்டில் அது இருக்கும். நடு நரம்பின் இரு பக்கமும் ஒல்லியான நீண்ட சிற்றிலைகள், நுனியில் மட்டும் ஒன்று வால் போல நீண்டிருக்கும். அடிப்புறத்தில் புள்ளிகள் இருக்காது. சிற்றிலையின் விளிம்பு நெடுக ஒரு பழுப்புக் கோடு ஓடும். டெரிஸ் விட்டாட்டா. சுண்ணாம்பு பிடிக்கும் என்பதால்தான் சுவர்களில் குடியிருக்கிறது. நாங்கள் சிறுவயதில் கிணற்றில் குதிக்கும்போது பிடித்து ஏறப் பார்த்து, கையோடு வந்துவிடுகிற செடி.

ஃபுளோரிடாவின் நடுப்பகுதியில் மரத்துக்கு மருந்து ஏற்றும் ஆலை இருந்த இடம் ஒன்று. குரோமியம், தாமிரம், ஆர்சனிக் கலந்த மருந்து பல ஆண்டுகள் மண்ணில் ஊறிக் கிடந்தது. லீனா மா என்ற மண்ணியல் அறிஞரின் குழு அங்கே வளர்ந்த செடிகளை எடுத்துச் சோதித்தபோது இந்தப் பெரணி மட்டும் வாயைப் பிளக்க வைத்தது. காய்ந்த இலையின் எடையில் 2 சதவீதத்துக்கும் மேல் ஆர்சனிக் இருக்கக்கூடும் என்று தெரிந்தது. பெரும்பாலான செடிகள் இதில் சிறு பங்கிலேயே செத்துவிடும். 2001இல் நேச்சரில் வந்த அந்த ஒரு பக்கத்துக் கட்டுரைக்குப் பிறகு கிணற்றுச் சுவர்ச் செடி உலகப் பிரசித்தம்.

எப்படிச் செய்கிறது? மண்ணில் ஆர்சனிக் இருக்கும் வடிவமான ஆர்சனேட்டும், செடிக்கு உணவான பாஸ்பேட்டும் வேதியியலில் ஒரே சாயல். பாஸ்பேட்டுக்காக வேர் திறந்து வைத்திருக்கும் வாசல் வழியாகவே ஆர்சனேட்டும் உள்ளே வந்துவிடும். எல்லாச் செடிகளிலும் இது நடக்கும். இந்தப் பெரணி அதை ஆர்சனைட் என்ற இன்னொரு வடிவமாக மாற்றி, மேலே இலைக்கு அனுப்பி, செல்லின் நுண்குமிழிக்குள் தள்ளிப் பூட்டிவிடுகிறது. பூட்டும் வேலையைச் செய்யும் ஏசிஆர்3 என்ற மரபணுவை பர்டியூ பல்கலைக்கழகத்துக் குழு 2010இல் கண்டுபிடித்தது. ஈஸ்ட்டில் இருக்கும் ஒரு மரபணுவின் உறவுக்காரன் அது. பாசிகளிலும் ஊசியிலை மரங்களிலும் அதன் வடிவங்கள் உண்டு, பூக்கும் தாவரங்கள்தான் எங்கோ வழியில் அதைத் தொலைத்துவிட்டன. சரி, விஷத்தைச் சேர்ப்பதில் பெரணிக்கு என்ன லாபம்? ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் பாலா ரத்தினசபாபதி குழு 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஆர்சனிக் ஏறிய இலைகளை வெட்டுக்கிளிகள் தவிர்த்தன. (பெயரைப் பார்த்ததும் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்ததை ஒப்புக்கொள்கிறேன்.)

கிணற்றில் இந்தப் பெரணி இருந்தால் தண்ணீரில் ஆர்சனிக் இருக்கிறது என்று அர்த்தமா? இல்லை. மண்ணில் இருந்தால் எடுக்கும், இல்லாவிட்டால் சுண்ணாம்பைச் சாப்பிட்டுக்கொண்டு சும்மா இருக்கும். பயந்து பிடுங்க வேண்டாம்.

இதை வைத்து மண்ணைச் சுத்தப்படுத்தலாம் என்ற நம்பிக்கையில் இருபது வருஷத்துக்கும் மேலாக வேலை நடக்கிறது. நட்டு, வளர்த்து, இலையை அறுத்து, மறுபடி வளர்த்து, மறுபடி அறுக்க வேண்டும். மாசு எவ்வளவு என்பதைப் பொறுத்து ஆண்டுக்கணக்கில், சில நிலங்களில் பல பத்தாண்டுகள் ஆகும். செய்தித்தாள்கள் "நச்சை உறிஞ்சும் அதிசயச் செடி" என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளும். அறுத்த இலைகளை என்ன செய்வது என்பதுதான் நிஜமான தலைவலி. எரித்தால் ஆர்சனிக் ஆவியாகிக் காற்றில் போகும். உரக்குழியில் போட்டால் மண்ணுக்கே திரும்பும். மாட்டுக்கும் போட முடியாது. நச்சுக் கழிவாகக் கணக்கில் எடுத்துத்தான் பாதுகாக்க வேண்டும். அப்படியும், மண்ணையே லாரியில் அள்ளிக்கொண்டு போய் வேறெங்கோ கொட்டுவதைவிட இது மலிவு, மண்ணும் உயிரோடு இருக்கும்.

இதையெல்லாம் படிக்கும்போது ஒன்று உறுத்தும். இந்த ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் அடியில், இது இன்ன பெரணி என்று சரியாகச் சொல்லத் தெரிந்த யாரோ ஒருவர் இருக்கிறார். அந்த வேலைக்கு நேச்சரில் இடம் கிடைக்காது. நம் பக்கம் அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் சென்னை மாகாண வனத்துறைத் தலைவராக இருந்த ரிச்சர்ட் ஹென்றி பெடோம். தென்னிந்தியப் பெரணிகளைப் பற்றிய அவருடைய படநூல் 1863 முதல் வெளியானது. நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் இயேசு சபைத் துறவி வி. எஸ். மாணிக்கமும் வி. இருதயராஜும் மலை மலையாக ஏறி மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரணிகளை மறுபடி சேகரித்தார்கள். 1992இல் வந்த அவர்களுடைய பெருநூல்தான் இன்றும் இந்தப் பகுதிக்கு ஆதாரம். அவர்கள் பட்டியலோடு நிற்கவில்லை. அருகி வரும் இனங்களை ஸ்போரிலிருந்து வளர்த்தெடுக்கும் வேலையும் அதே கல்லூரியில் நடந்தது. கொடைக்கானல் பக்கத்துச் சோலைகளில் நிற்கும் சையேத்தியா என்ற மரப்பெரணிகள் அதில் உண்டு. ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் மரப்பெரணியின் தண்டை விரும்பி வாங்குவதால், அருகி வரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்த்து அவற்றின் வணிகத்தைக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். என் சமையலறை ஜன்னல் வேலையின் பெரிய வடிவம்தான் அங்கே நடந்தது, இன்னும் சுத்தமான கண்ணாடியில்.

பெயர் தெரிந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு லக்னோவிலிருந்து ஒரு கதை. பெரணிகளைப் பூச்சிகள் அதிகம் சீண்டுவதில்லை என்ற பழைய கவனிப்பைப் பிடித்துக்கொண்டு, தேசியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தில் பல பெரணி இனங்களின் சாற்றை வெள்ளை ஈக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2015இல் பஞ்சாபின் பருத்தியை வாரிக்கொண்டு போன அதே வெள்ளை ஈ. மரபணு மாற்றிய பீட்டி பருத்தியில் உள்ள புரதம் காய்ப்புழுக்களைக் கொல்லத்தான். சாறு உறிஞ்சும் இந்த ஈயை அது ஒன்றும் செய்யாது. டெக்டேரியா மேக்ரோடோண்டா என்ற பெரணியில் ஈயைக் கொல்லும் புரதம் ஒன்று கிடைத்தது. அதன் மரபணுவைப் பருத்தியில் சேர்த்தபோது, இலையின் கரையும் புரதத்தில் 0.01 சதவீத அளவு இருந்தாலே ஈக்கள் பெருகவில்லை என்று 2016இல் நேச்சர் பயோடெக்னாலஜியில் எழுதினார்கள். இரண்டு வருஷம் கழித்து அசோலா, சால்வினியா ஆகிய நீர்ப்பெரணிகளின் மரபணுத் தொகுப்பை வரிசைப்படுத்திய சர்வதேசக் குழு, சால்வினியாவிலும் அதே குடும்பத்து மரபணுவைப் பார்த்தது. அது என்றோ ஒரு பாக்டீரியாவிடமிருந்து பெரணிகளுக்குத் தாவியிருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. மரபணு மாற்றுப் பயிர்கள் பற்றி உங்களுக்கு என்ன கருத்து இருந்தாலும் இருக்கட்டும், அந்தப் புரதம் இருக்கிறது என்று தெரிந்ததே யாரோ காட்டில் பெரணிகளைப் பெயர் பிரித்து எடுத்துவந்ததால்தான். டெக்டேரியா நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் ஓடைக்கரை நிழலில் வளரும் பேரினம். என்னென்ன இனங்கள், எந்தெந்த மலையில் என்பது பாளையங்கோட்டைப் புத்தகத்தில் இருக்கிறது.